பூமாலை போட்ட ஈமெயில்

சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்கு எங்கள் வீட்டு ரூம்களில் தங்கிப் போகிற பழைய ஆட்களுக்கு, மஸ்கெலியா நெட் கடை ரவி போன வாரம் ஈமெயில் அனுப்பினார்.

செத்துப்போன என் புருஷனின் பெரிய படம். சுற்றிலும் பூமாலை, பக்கத்தில் குத்துவிளக்கு. ரூம் இருக்கிற விஷயம் அடியில், எறும்பு அளவு எழுத்தில்.

இன்று பதில்களைப் பார்த்தோம். எல்லாம் அனுதாபம். ஒருத்தரும் ரூம் கேட்கவில்லை.

"ஏன் ரவி, ரூமுக்குக் கூப்பிடச் சொன்னா கருமாதிக்குக் கூப்பிட்டிருக்கீங்களே?"

"டிசைன் அழகா இருக்குங்களே அக்கா."

"அழகாத்தான் இருக்கு. நானே அழுதுட்டேன். இந்த சீசனும் ஆள் வரலன்னா ரூமைப் பூட்ட வேண்டியதுதான். படத்தைச் சின்னதாக்குங்க. மேல எழுதுங்க: அவர் போயிட்டார், ரூம் இருக்கு, எப்பவும் சமைச்சது நான்தான்."

இப்போது ஈமெயிலில் அவரை எந்த மூலையில் நிறுத்துவது என்றுதான் தகராறு. நீங்களே சொல்லுங்கள். கல்யாண போட்டோவிலேயே என்னை மறைத்துக்கொண்டு நின்ற மனுஷன்.