காரில் சிரித்தவன்

அந்தக் குரல் பதிவில் கேட்கிற சிரிப்பு என்னுடையது.

நீங்களும் கேட்டிருப்பீர்கள். சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர் என்றால் கேட்காமல் தப்பித்திருக்க வழியே இல்லை. யாராவது ஒரு புண்ணியவான் உங்கள் போனுக்கும் அனுப்பியிருப்பான். கபடி அணியின் முதலாளி ஒருவர் தன் ஆட்டக்காரனைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார். பேசி முடித்ததும் பக்கத்தில் ஒருவன் சிரிக்கிறான். அந்த ஒருவன் நான்!

அதோடு போயிற்றா? அந்த முதலாளியை விசாரித்துத் தண்டித்த குழுவில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

காறித் துப்பத் தோன்றுகிறதா? பொறுங்கள். முழுவதும் கேட்டுவிட்டுத் துப்புங்கள்.

என் பெயர் வேண்டாம். சேலத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லாருக்கும் ‘பி.டி. சார்’. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்குத் தவறாதவன். கபடி நடுவராக நின்று நின்றே கால்கள் வளைந்துபோனவன். எங்கள் வட்டாரத்து அணிகள் சேர்ந்து ஒரு லீக் தொடங்கியபோது, ஒழுங்குக் குழுவுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எல்லா விரல்களும் என்னை நோக்கி நீண்டன. ‘பி.டி. சார்னா யாருக்கும் சாய மாட்டாருங்க!’ எனக்கும் பெருமைதான்... மறுக்கவில்லை.

முதலாளியை நல்லமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லுக்கு அருகே பெரிய கோழிப்பண்ணை. கபடி என்றால் உயிர். ஆட்டக்காரனுக்கு முழங்கால் பிசகினால் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறப்பார். பையன்களை ‘சாமி, சாமி’ என்றுதான் கூப்பிடுவார். அரக்கனைப் பற்றி நான் சொல்லவில்லை. அரக்கனாக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

அவர் அணியின் சிறந்த ரெய்டர் சுக்ராம். ஜார்க்கண்டிலிருந்து அந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்த தம்பதியின் மகன், கைக்குழந்தையாக வந்தவன். இங்கேயே அரசுப் பள்ளியில் படித்தான். கோட்டுக்காக என்னிடம் வாதாடும்போது, ‘ஏனுங்க சார், போனஸ் கோட்டைத் தாண்டிட்டேனுங்க, உங்க கண்ணுதான் பாக்கல’ என்பான். அவன் பேசுகிற கொங்குத் தமிழுக்கு முன்னால் என் டவுன் தமிழ் வெளியூர்த் தமிழாகத் தோன்றும்.

அன்று பனமரத்துப்பட்டியில் ஆட்டம். தோற்க இருந்த அணியைக் கடைசி இரண்டு ரெய்டுகளில் சுக்ராம் ஒருவனே தூக்கி நிறுத்தினான். ஆட்டம் முடிந்து, பேருந்தைத் தவறவிட்டு, ஏரிக்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். நல்லமுத்துவின் கார் பக்கத்தில் வந்து நின்றது.

“ஏறுங்க சார். வெய்யில்ல எதுக்கு நடக்கறீங்க?”

ஏறினேன். அவரே ஓட்டி வந்திருந்தார். காரில் நாங்கள் இருவர் மட்டுமே. நான் ஏறியதை யாரும் பார்க்கவில்லை... இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் ஒளிந்துகொண்டது இதற்குள்தான்.

வண்டியைக் கிளப்பும் முன் போனை எடுத்து, அணியின் குரூப்புக்குப் பேசினார். “எல்லாரும் நல்லா வெளையாடுனீங்க சாமி. சுக்ராமு, நீ சிங்கம்டா! நாளைக்கு நம்ம ஊட்டுல கறி விருந்து. எல்லாரும் வந்துருங்க.” போனை முன்னால் வைத்தார். பதிவு நின்றுவிட்டது என்று நினைத்தார். நிற்கவில்லை. விரல் மேலே நழுவியதில் அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“ஊட்டுக்குக் கூப்புட்டாச்சு. ஆனா அந்தச் சப்பமூக்கனை எங்க உக்கார வெக்கறது? காட்டுல இருந்து புடிச்சாந்த மாதிரி ஒரு மூஞ்சி... நம்ம சனத்தோட பந்தியில வெக்க முடியுமா? பேசாம ஒரு தீவனத் தட்டுல போட்டு ஓரமா வெச்சுட்டா, அது பாட்டுக்குக் கொத்தித் தின்னுக்கும்!”

நான் சிரித்தேன்.

மரியாதைக்காகச் சிரித்தேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கார், அவர் ஏசிக் காற்று, ஒரு புன்னகையாவது தராவிட்டால் எப்படி என்று... பொய்! மரியாதைச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அது உதட்டோடு நின்றுவிடும். இது வயிற்றிலிருந்து வந்தது. தட்டில் குனிந்து கொத்துகிற சுக்ராம் ஒரு நொடி என் கண்ணுக்குத் தெரிந்தான். எனக்கு வேடிக்கையாக இருந்தது. இதைவிட நேராக எப்படிச் சொல்வது?

சற்றுத் தூரம் போனதும் அவர் போனைப் பார்த்தார். “அட, இன்னும் போவலயாட்டம்” என்று அமுக்கினார். போய்விட்டது. விருந்து அழைப்பும் தீவனத் தட்டும் ஒரே பதிவாக, பையன்கள் அத்தனை பேருக்கும். சுக்ராமுக்கும்.

சேலம் வந்து நான் இறங்குவதற்குள் அவர் போன் அடிக்கத் தொடங்கியிருந்தது. அழித்தார். அழித்து என்ன செய்ய? அதற்குள் அது ஊரைச் சுற்றக் கிளம்பிவிட்டது.

அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. சலூனில், பேருந்தில், பூசை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில்... எங்கும் இதே பேச்சு! கபடியில் ரெய்டு எது, போனஸ் கோடு எது என்று தெரியாதவன்கூட நீதிபதியாகிவிட்டான்.

“அவுங்க காருக்குள்ள அவுங்க பேசுனதுக்குத் தண்டனையா? நாளைக்குப் படுக்கையறைக்குள்ளயும் வந்து ஒட்டுக் கேப்பீங்களா?” என்று ஒருவர்.

“கூட்டத்துல சாமீங்கறதும் கார்ல தீவனத் தட்டுங்கறதும் ஒரே வாய்தானுங்களே?” என்று இன்னொருவர்.

“நீங்க என்ன சார் நினைக்கறீங்க?” என்று எல்லாரும்.

என்ன நினைப்பேன்? ‘சிரித்தது யார் என்று யாராவது கேட்கிறார்களா’ என்று மட்டுமே நினைத்தேன். கேட்டார்கள், ஆனால் போகிற போக்கில். எவனோ அல்லக்கை, டிரைவராக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். குளிர்சாதன இரைச்சலில் சிரிப்பு யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஆம், அதற்கும் அவரையே கூப்பிட்டேன்!

விசாரணை நடந்தது. குழுவில் மூவர்: லீக்கின் தலைவர், ஒரு வக்கீல், நான். விலகியிருக்கலாமே என்பீர்கள். விலகினால் ஏன் என்று கேட்பார்களே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நல்லமுத்து வந்தார். மறைக்கவில்லை. “பேசுனது நாந்தானுங்க. தப்புத்தான். ஆனா அவன் மூஞ்சிக்கு நேராவா சொன்னேன்? தனியாப் பேசுனது. மனசுல ஒண்ணும் வெச்சுப் பேசலீங்க.”

வக்கீல் கேட்டார்: “கூட இருந்தது யாருங்க?”

நல்லமுத்து என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். “அதைக் கேக்காதீங்க” என்றார்.

அப்போது நான் பேசினேன். அடடா, என்ன கம்பீரம்! “விதிகள் அணி உரிமையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் உரியவை. உடன் இருந்தவர் யாராக இருந்தாலும் நம் விசாரணைக்குள் வரமாட்டார். பேசியவரைப் பற்றி மட்டும் முடிவெடுப்போம்” என்றேன். வக்கீலே தலையாட்டினார். ஒழுங்குமுறை தெரிந்த மனிதர் என்று நினைத்திருப்பார்.

அதன் பிறகு நான் நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. சிரித்தவனை விட்டு எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடினேன். தலைவர் ஒரு கண்டனத்தோடு விட்டுவிடலாம் என்றார். நான் விடவில்லை. “தனியாகப் பேசினார் என்பது சலுகை ஆகாது. தனியாகப் பேசுவதுதான் மனத்தில் இருப்பது. அவர் கையில் ஆட்டக்காரர்களின் பிழைப்பு இருக்கிறது. அவர் நினைப்பது அவர்கள் தலைமேல் விழும்” என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். இனி இந்த லீக்கில் அவர் அணி வைத்துக்கொள்ளக் கூடாது, சுக்ராமிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

எரிச்சலூட்டுவது என்ன தெரியுமா? நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். தண்டனை நியாயமானது. அதைச் சொன்ன வாய்தான்...

‘தனிப் பேச்சு’ என்கிறார்களே, அது என்ன? மனிதன் தன் அறைக்குள் சுவரைப் பார்த்துப் பேசினால் அது தனிப் பேச்சு. இவர் சுவரிடமா சொன்னார்? சிரிக்க ஆள் இருக்கிறான் என்ற தைரியத்தில் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், ‘என்னங்க இப்படிப் பேசறீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது அங்கேயே செத்திருக்கும். ஒருவேளை அடுத்த நாள் பந்தியில் சுக்ராமுக்கு ஒரு இலைகூட விழுந்திருக்கும். எனக்கு என்ன தண்டனை? அதற்கு எந்த விதியிலும் இடமில்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டவன் நானே!

வெளியே வந்தபோது நல்லமுத்து கார் அருகே நின்றிருந்தார். தப்பித்துப் போகப் பார்த்தேன். கூப்பிட்டார்.

“ஏனுங்க சார், இவ்வளவு காட்டமாப் பேசுவீங்கன்னு நெனைக்கலீங்க.”

பேருந்து வருகிறதா என்று நான் சாலையைப் பார்த்தேன்.

“பயப்படாதீங்க. நானாக் கூப்புட்டு வண்டியில ஏத்துனவரைக் காட்டிக் குடுக்க மாட்டேன்... நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் அங்க உக்காந்து பாத்துட்டே இருந்தேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அவர் இன்று வரை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த மனிதர்! ஒரு ஏழைப் பையனைப் பந்தியில் உட்கார வைக்க மனமில்லாதவருக்கு, என்னைக் காப்பாற்ற மனம் இருந்தது. இந்தக் கணக்கு எனக்கு எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் வருவதில்லை.

சுக்ராம் என் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். உட்காரச் சொன்னேன், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். அவன் அப்பா பண்ணையை விட்டு வந்துவிட்டாராம். யாரும் போகச் சொல்லவில்லை. அவருக்கே இருக்கப் பிடிக்கவில்லை. இப்போது வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் மூட்டை தூக்குகிறாராம்.

“நீங்க மட்டும் இல்லீனா அப்படியே மூடியிருப்பாங்கன்னு சொன்னாங்க சார். அதான் பாத்துட்டுப் போலாம்னு...”

என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

“மொதலாளி அப்படிப் பேசுவாருன்னு எனக்குச் சின்ன வயசுலயே தெரியுமுங்க. பண்ணையில கேட்டு வளந்ததுதான். அது ஒண்ணும் புதுசு இல்லீங்க. அந்தச் சிரிப்புத்தானுங்க சார்... அதைத்தான் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். என்னை நேர்ல பாத்த ஆளாட்டந்தான் இருக்குது. பாக்காத ஆளுக்கு அப்படிச் சிரிப்பு வராதுங்களே?” நிமிர்ந்து பார்த்தான். “அது யாருன்னு கேட்டீங்களா சார்?”

இதோ, இங்கேதான்... கேட்கிறீர்களா? காரில் சிரித்தது ஒரு நொடி. அதைக்கூட என்னால் ஒருவாறு எண்ணிப் பார்க்க முடிகிறது. இந்த இடத்தைத்தான் முடியவில்லை. அவன் கேட்டான். முகத்துக்கு எதிரே கேட்டான். வீட்டில் வேறு காது இல்லை. மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். ‘நான்தான் சுக்ராம்’ என்றால் முடிந்தது.

“கேட்டோம்ப்பா. அவர் சொல்லல” என்றேன்.

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, பாருங்கள்! பள்ளியில் எத்தனை பிள்ளைகளை இந்த மாதிரிப் பதிலுக்காக முட்டி போட வைத்திருக்கிறேன்.

“பரவால்லீங்க சார். நீங்க கேட்டீங்களே, அது போதும்” என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போனான். கொய்யாப்பழங்களை நான் தொடவில்லை. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள் மனைவி.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேன். முழந்தாளிட்டேன். கோபப்பட்டேன், செபத்தில் கவனம் சிதறியது என்று வழக்கமான பட்டியலை ஒப்புவித்துவிட்டு எழுந்தேன். சொல்லியிருந்தால் சாமியார் மன்னிப்பு வழங்கியிருப்பார், அதுதான் பயம். மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே சுக்ராம் அதே மரியாதையோடு கும்பிட்டு நிற்பானே! உங்களிடம் சொல்வது எளிது. உங்களுக்கு என்னை மன்னிக்கிற அதிகாரம் இல்லை.

இப்போது அவன் வேறு மாவட்டத்தில் ஒரு அணிக்கு ஆடுகிறான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அழைப்பான். “ஜெயிச்சுட்டோமுங்க சார்!” நானும் எடுத்துப் பேசுவேன், எந்த ரெய்டில் கால் எப்படிப் போயிற்று என்று விசாரிப்பேன். நன்றாகத்தான் பேசுகிறேன். யாரும் குறை சொல்ல முடியாது.

போன வாரம் அழைத்தபோது குரலில் வெட்கம் இருந்தது. கல்யாணமாம். பெண் சேலம் பக்கத்துப் பெண், நூற்பாலையில் வேலை. அவள் வீட்டில் ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார்கள். ஆனால் மாப்பிள்ளை பக்கம் பெரியவர் யார் வருவார் என்று கேட்கிறார்களாம்.

“எங்க சனம்னு சொல்லிக்க இங்க யாருமில்லீங்க சார். எங்கப்பாவுக்கும் சபையில பேசத் தெரியாது. நீங்க பக்கத்துல நின்னீங்கன்னா அவங்க வாயைத் தொறக்க மாட்டாங்க. வாரீங்களா சார்?”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மனைவிக்கு ஒரே சந்தோஷம். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். நேற்று தையல்காரர் அளவெடுத்தபோது, மூச்சை அடக்காமல் இயல்பாக நிற்கச் சொன்னார்... முடியவில்லை.