மூன்று சிந்தசைசரும் இரண்டு பஸ் டிக்கெட்டும்

எங்கள் கோயில் பஜனையில் பதினாறு வருடமாக ஹார்மோனியம் வாசித்தவள் நான். அதன் துருத்தி கிழிந்ததும் இனி சிந்தசைசர் வாங்கலாம் என்றார் குழுத் தலைவர். அதோடு விட்டாரா? "டீச்சருக்கு ரெண்டு கையாலயும் வாசிக்கத் தெரியும், இனி அவங்களே வாசிக்கட்டும்" என்று என் காதுபடவே சொன்னார். டீச்சர் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த சங்கீத ஆசிரியை. கோபப்படக்கூட இடம் கொடுக்காத நல்ல பெண். எனக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

வாங்கிவர எங்கள் இருவரையும்தான் அனுப்பினார். சனிக்கிழமை இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் பஸ் ஏறினோம். வழி நெடுக அவள் பேசினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இசைக்கருவிக் கடைக்கார நானா மேசைமேல் மூன்று சிந்தசைசரை வைத்தார். மலிவானதில் ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள்தான் ஒலிக்குமாம். நடுத்தர விலையில் எட்டு. விலை உயர்ந்ததில் பதினாறு. டீச்சர் மூன்றிலும் இரண்டு கையாலும் படபடவென்று வாசித்தாள்.

"மூணும் ஒரே மாதிரித்தான் இருக்குங்கக்கா. மலிவானதே போதும்ல?"

எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மலிவானதை வாசித்துப் பார்க்க உட்கார்ந்தேன். வலது கை பாட்டைத் தொடங்கியதும் இடது கை தானாகப் பின்னால் போய் இல்லாத துருத்தியை அமுக்கத் தொடங்கிவிட்டது.

"பின்னால என்ன தேடுறீங்க மிஸ்? ஸ்விட்ச் முன்னாலதான் இருக்கு" என்றார் நானா.

கூசிப்போனேன். என் இடம் போயே போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது. வந்த ஆத்திரத்தில், ஹார்மோனியத்தில் கட்டை அமுங்கியே இருந்து சுருதி விடாமல் ஒலிக்க வழக்கமாகச் செய்வதையே செய்தேன். இரண்டு பஸ் டிக்கெட்டையும் மடித்து, சட்ஜக் கட்டையின் இடுக்கில் ஒன்று, பஞ்சமத்தில் ஒன்று. மேல் சட்ஜத்துக்கு அதன் விலைச்சீட்டையே பிய்த்துச் செருகினேன்.

"ஐயோ, அத எடுங்க மிஸ்! கட்டை உடைஞ்சிரும்!"

காதில் வாங்காமல் பாட்டை வாசித்தேன். கொஞ்சம் வேகம் கூடியதும் கீழ்ச் சட்ஜம் நின்றுவிட்டது. டிக்கெட் அப்படியே இருக்கிறது, சுரம் மட்டும் இல்லை. சுருதிக்கு மூன்று போக மிச்சம் ஒன்றுதானே. பாட்டில் இரண்டு சுரங்கள் ஒட்டி வந்தவுடன், இடம் போதாமல் முதலில் பிடித்ததை அது கைவிட்டுவிடுகிறது. டிக்கெட்டை எட்டுக்கு மாற்றினேன். சுருதி அசையவில்லை. பதினாறிலும் அதேதான். எங்கள் பஜனைக்கு அதில் கூடுதலாகக் கேட்க ஒன்றுமில்லை.

எட்டை வாங்கினோம். 

வெள்ளிக்கிழமை பஜனையில் தலைவர் பெட்டியைப் பிரித்து டீச்சர் முன்னால் வைத்தார்.

"அக்காவே வாசிக்கட்டுங்க. சுருதி காணாமப் போனது எனக்குத் தெரியவே இல்ல. அக்காவுக்குத்தான் தெரிஞ்சிச்சு" என்றாள் அவள்.

எனக்கு ஒரே சந்தோஷம். பாயில் போய் உட்கார்ந்தேன். இடது கை வழக்கம்போலப் பின்னால் போனது. செருகுவதற்குக் கையில் டிக்கெட்டும் இல்லை. எழுந்து போகத் திரும்பியவளைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், சுருதிய நீங்க புடிங்க" என்று சொல்லி, பாயில் பாதியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.