ஐந்தாம் மேட்டு மாமியார்

ரப்பர் உறை போட்ட கையை முழங்கைவரை மண்ணுக்குள் விட்டபடியேதான் அந்த அம்மா என்னிடம் பேசினார். "கொஞ்சம் இருங்க. மாப்பிள்ளைங்களுக்குக் குளிருதான்னு பார்த்துடறேன்." பக்கத்திலேயே நீண்ட வெப்பமானி ஒன்று குத்தி நிற்கிறது. அது சொல்வதும் சரிதான். ஆனாலும் தன் கை ஒரு தரம் உள்ளே போய் வந்தால்தான் அவருக்கு மனம் ஆறும்.

மாப்பிள்ளைகள் என்று அவர் சொல்வது மண்ணிலிருக்கும் பாக்டீரியாக்களை. இங்கே ஒரு பெயிண்ட் கம்பெனி இருந்தது. கம்பெனி மூடிக்கொண்டு போய்விட்டது. அது தரையில் கொட்டிய எண்ணெய் போகவில்லை. அந்த மண்ணைத் தோண்டி ஐந்து மேடுகளாகக் குவித்து, காற்றுப் போக ஓட்டைக் குழாய்கள் செருகி, தார்ப்பாயால் மூடியிருக்கிறார்கள். உள்ளே அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றன. தண்ணீர் தெளிப்பது, உரம் போடுவது, மண்ணைக் கிளற வரும் இயந்திரக்காரரைத் திட்டுவது எல்லாம் இவர் பொறுப்பு.

"தண்ணி கம்மியானா முறுக்கிக்குவாங்க. ஜாஸ்தியானா மூச்சு முட்டுதும்பாங்க. பின்னே, மாப்பிள்ளைங்கன்னா சும்மாவா?" அதனால் அங்கே எல்லோருக்கும் இவர் 'மாமியார்'. வீட்டிலிருக்கும் நிஜ மாப்பிள்ளையோ, பச்சைத் தண்ணீர் கொடுத்தாலும் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிற அப்பாவி.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மட்டும் மேடுகளுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். "அதுங்க நாத்தத்தைத் தின்னுதுங்க. நாம எதிர்ல உட்கார்ந்து நல்லதைத் தின்னா கண்ணு பட்டுடும்."

நான்கு மேடுகள் பரிசோதனையில் தேறிவிட்டன. ஐந்தாவதுதான் இழுத்தடிக்கிறது. அதுவும் தேறினால் மண்ணை இங்கேயே பரப்பிக் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் போடுவார்கள். தேறாவிட்டால் லாரியில் ஏற்றி, ஊர்க்கோடியில் இருக்கும் பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள். பள்ளத்தை ஒட்டினாற்போல் அவருடைய தங்கை வீடு. அவர்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர்.

அந்தப் பதற்றத்தில்தான் கை மீறிவிட்டது. பாக்டீரியாக்களுக்குத் தெம்பு வரட்டும் என்று கொஞ்சம் சர்க்கரை ஆலைப் பாகு ஊற்றுவது வழக்கம். இவர் இரண்டு மடங்காக ஊற்றினார். மேடு நன்றாகச் சூடேறியது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. பரிசோதனை முடிவு வந்தபோது எண்ணெய் இம்மியும் குறையவில்லை. மேடுகளை மேற்பார்வையிடும் பொறியாளர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்: அவை பாகைத் தின்றுவிட்டு நஞ்சைத் தொடாமலே விட்டிருக்கின்றன.

"இனிப்பை முன்னால வச்சுட்டு, கசாயத்தைக் குடின்னா எவன் குடிப்பான்? செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தாங்க," என்றார். அன்றோடு பாகை நிறுத்திப் பட்டினி போட்டார். மனசு கேட்கவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

நான் போயிருந்த அன்று ஐந்தாம் மேட்டுக்குக் கடைசிப் பரிசோதனை. இரும்புக் குழாயைச் செருகி மண் எடுத்து அனுப்ப வேண்டும். குழாயைக் கையில் எடுத்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள். குரல் எனக்கே கேட்டது. "லாரி வருமா வராதாக்கா? பேசாம வீட்டைக் காலி பண்ணிடட்டுமா?"

"இருடி, இன்னும் மண்ணே எடுக்கல."

பொறியாளர் இளைஞர். தங்கை வீட்டு விஷயம் அவருக்கும் தெரியும். மெல்ல அருகில் வந்தார். "மேலாக எடுங்கக்கா. அங்க காத்துப் பட்ட மண்ணு, கண்டிப்பா தேறிடும். எங்க எடுத்தீங்கன்னு யாரும் கேட்க மாட்டாங்க." இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

மாமியார் குழாயின் முனையில் ஒட்டியிருந்த பழைய மண்ணைத் துடைத்தார்.

"திடல் போட்டா உங்க பொண்ணும் விளையாட வருவாளே, இப்ப என்ன வயசு தம்பி?"

"மூணு ஆகுதுக்கா."

அவர் மேட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். காற்று சரியாக எட்டாத அடிமண்ணில் குழாயின் முனையை வைத்து, மண்டியிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு, கைப்பிடி மட்டும் வெளியே தெரியும்வரை அழுத்தினார்.