ஆறு வாரம் கேட்ட கதை

திருத்தணியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் மனநல ஆலோசகராக உட்கார்ந்தபோது, எனக்குப் பட்டம் வாங்கிய சூடு ஆறவில்லை. பேசவைத்துவிட்டால் எதுவும் தீரும் என்று நம்பினேன்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். விசைத்தறியில் வேலை. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. எலும்பில் கோளாறில்லை என்று டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். கையை நான் பார்க்கவேயில்லை. கதையைத்தான் தோண்டினேன். மூன்றாம் வாரம் கிடைத்தது: செத்துப்போன புருஷன் குடித்துவிட்டு வந்தால் அந்தக் கையைப் பிடித்துத்தான் தெருவரை இழுத்துப்போவானாம். எனக்கு ஒரே பூரிப்பு. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதோடு விட்டேனா? வாராவாரம் அதையே முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொல்லும்போது அவள் கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு நின்று நின்று வரும். நான் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். ஆறாம் வாரம் அந்தக் கையால் தண்ணீர் டம்ளரைக்கூட அவளால் தூக்க முடியவில்லை.

"தறிக்கு வேற ஆள் போட்டுட்டாங்க மேடம்," என்றாள். "அவன் செத்து நாலு வருசம் ஆவுது. இங்க வந்து வாரம் ஒருவாட்டி அடி வாங்கிகினு போறேன்."

ஒத்துழைக்க மறுக்கிறாள் என்று அதையும் எழுதிக்கொண்டேன். அதன்பின் அவள் வரவில்லை.

ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அவன் செய்தது இருந்தது. அவள் கை எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை. அப்போதுதான் உறைத்தது. வாராவாரம் சென்னைக்கு ரயிலேறி, உடம்பின் வழியாகவும் சிகிச்சை செய்யப் படித்தேன். இப்போது வருகிறவர்களிடம் முதலில் பாதம் தரையில் பதிகிறதா என்று கேட்கிறேன். மூச்சைக் கவனிக்கிறேன். பேச்சின் நடுவே தோள் இறுகினால் பேச்சை நிறுத்திவிடுகிறேன். பலருக்குக் குணமாகிறது. பாராட்டும்போது கூசுகிறது.

போன மாதம் டவுன் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். இடது கையால் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். வலது கை மடங்கியே இருந்தது.

"இப்போ வேற மாதிரி பண்றேங்க," என்றேன். "நீங்க எதையும் சொல்ல வேணாம். ஒருவாட்டி வாங்க."

"சொல்லாமலே சரி ஆவுமா?"

"ஆங், நிறைய பேருக்கு ஆவுது."

"நான் வந்தப்போ இது தெரியாதா மேடம்?"

"தெரியலங்க."

குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என் கையை வச்சி கத்துக்கினீங்க," என்றாள். பிறகு பக்கத்து சீட்டைக் காட்டினாள். "உக்காருங்க மேடம், எடம் காலியாவுது."

உட்கார்ந்தேன்.