சந்தனப் பொட்டு வைத்த எகிப்துப் படம்

வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்த எங்கள் அம்மா கொண்டுவந்தது அந்த எகிப்துப் படம். பசுத்தலை கொண்ட பெண் தெய்வம் என்பதால் சாமியறையில் மாட்டி, வெள்ளிதோறும் சந்தனப் பொட்டு வைத்தோம். அம்மா இறந்ததும், அது பழங்காலப் பொக்கிஷம் என்று அண்ணன்மார் இருவரும் மல்லுக்கு நின்றார்கள்.

பொறுக்க முடியாமல், கம்பளையிலிருந்து பஸ் ஏறி, கண்டியில் பழம்பொருள் கடைக்காரரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அசல் பப்பைரஸ்னா, அதான் எகிப்துக் கோரைத் தாள்னா, நார் குறுக்கும் நெடுக்குமா தெரியும்மா. இது வாழைமட்டைத் தாள்ல அச்சடிச்சது. டூரிஸ்ட்காரங்களுக்கு விக்கிறது."

இனிச் சண்டை தீர்ந்தது என்று நினைத்து, அவர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன்.

"சின்னவன் சொல்லச் சொன்னானா?" என்றார் பெரியண்ணன்.

"அண்ணனுக்குக் குடுக்கத்தானே இந்தக் கதை?" என்றார் சின்னண்ணன்.

இப்போதெல்லாம் எந்தப் பொருளுக்கும் யாரிடமும் நான் விலைமதிப்புக் கேட்பதில்லை. படம் அதே சாமியறையில்தான் தொங்குகிறது. அண்ணன்மார் இருவரும் இந்தப் பக்கம் வருவதில்லை; வெள்ளிக்கிழமை பொட்டு வைக்க நான் ஒருத்திதான் மிச்சம்.