இல்லாத வைரஸும் இருபத்தெட்டுப் படங்களும்

வாரத்துக்கு ஒரு தடவையாவது என் கைப்பேசியில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்புகிறது. பதின்மூன்று வைரஸ்கள் புகுந்துவிட்டன, இரண்டு நிமிடத்துக்குள் துப்புரவு செய்யாவிட்டால் எல்லாம் அழியும் என்று மிரட்டுகிறது. கைப்பேசியின் மொடலையும் சொல்கிறது. பிழையாகத்தான் சொல்கிறது. கீழே ஒரு கடிகாரம் இரண்டு நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடிப் பூச்சியத்தில் நிற்கும். ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இரண்டு நிமிடத்திலிருந்து தொடங்கும்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடிவருகிறவர்களிடம், இது படம், வெறும் படம், மூடிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவதும் என் வேலைகளில் ஒன்று. சிலர் நம்பாமல் போய் இன்னொரு கடையில் காட்டுவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இதே விளம்பரத்தின் அண்ணனை நான் ஒருமுறை நம்பியிருக்கிறேன். அதை நம்பி நான் செய்ததை இன்றுவரை திருத்த முடியவில்லை.

சுனாமியில் கடல் வந்த காலை எங்கள் தெருவில் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கடல் வருது, ஓடுங்க என்று கத்தியபடி மேற்கே ஓடினார். கடல் எங்கேயாவது வருமா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். சிரித்த வாய் மூடுவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் மேல்மாடிப் படியில் யாரோ என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் எல்லா எச்சரிக்கையையும் நம்பியது. யாரோ யாருக்கோ போன் எடுத்துச் சொன்னார்களாம் என்றால் போதும், அடுப்பில் சோறு கிடக்கக் கிடக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் ஓடினோம். ஓடிப் போய் வரம்பில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வருவோம். பொய் சொன்னவனை ஒருவரும் ஏசவில்லை. சிரித்துவிட்டுச் சாவதைவிட ஓடிவிட்டு வெட்கப்படுவது பரவாயில்லை என்று எல்லோரும் எண்ணினோம். நானும்தான்.

அந்த நாட்களில் பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு நிவாரண அலுவலகம் இருந்தது. கணினி தெரிந்த ஆள் என்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள். எனக்குத் தெரிந்தது ஆறு மாத வகுப்பில் படித்தது. கணினியும் யாரோ கொடுத்த பழையது. சிடி போடும் தட்டு உள்ளே இறுகிப் போய்த் திறக்காது. ஆனால் தொலைபேசிக் கம்பியில் இணையம் வரும். கூடாரம், தண்ணீர்த் தாங்கி, பால்மா கேட்டுக் கடிதம் அடித்து மின்னஞ்சலில் அனுப்புவேன்.

அந்தக் கணினியில்தான் நூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. எங்கள் முஸ்லிம் வழக்கத்தில் இறந்தவரின் மையித்தை வைத்திருக்கக் கூடாது, உடனே அடக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நாட்களில் குளிப்பாட்டவும் கபன் துணி சுற்றவும்கூட வழியில்லாமல், மணலில் நீளமாகக் குழி வெட்டி வரிசையாக அடக்கினோம். யார் எவர் என்று தெரியாத முகங்களை மட்டும், அடக்குவதற்கு முன், உதவிக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டு வைத்தியர் தன் கமெராவில் படம் எடுத்தார். அதை நான்தான் கணினியில் ஏற்றி ஒன்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை இலக்கமிட்டேன். வைத்தியர் கமெராவோடு ஊருக்குப் போய்விட்டார். ஏற்றிய பிறகு கமெராவில் இருந்ததை அழித்து வேறு படங்கள் எடுத்துக்கொண்டார். பிரதி எடுத்து வைக்க என்னிடம் இருந்தவை ஃபிளொப்பிகள். ஒன்றில் ஒரு படம்தான் கொள்ளும். பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

காணாமற் போனவர்களின் வீட்டார் வந்து பார்ப்பார்கள். பெரும்பாலானவர்கள் ஒரே இருப்பில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அழுதோ அழாமலோ எழும்பிப் போவார்கள். எனக்கு அக்கா வயதுள்ள ஒரு ராத்தா மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. அவருடைய மாப்பிள்ளை, அதாவது கணவர், கடற்கரை வீதியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். அன்று காலை கடையைத் திறந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. ராத்தா நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வருவார். நாலு படம் பார்ப்பார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டுவார்.

"போதும் தம்பி. இண்டைக்கு இவ்வளவுதான் ஏலும்."

அடுத்து எந்த இலக்கத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி மடித்துக் கொண்டு போவார். ஏன் இப்படித் துண்டு துண்டாகப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"மாமி ஏசுறா தம்பி. என்ட மகன் உசிரோட இரிக்கான், நீ ஏன் மையித்துப் படம் பாக்கப் போற எண்டு. பாக்காம இரிக்கவும் ஏலாதே. மௌத்தெண்டு தெரிஞ்சா நான் இத்தாவுக்கு இரிக்கணும். தெரியாட்டி எப்புடி இரிக்கிற?"

இத்தா என்பது கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் காத்திருப்பது. அது முடிந்த பிறகுதான் அவளுக்கு அடுத்த வாழ்க்கை. ராத்தாவுக்கு அது தொடங்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் நாலு முகங்களைப் பார்த்து, அவர் இல்லை என்று அறிந்து, இன்னும் மனைவியாகவே வீட்டுக்குத் திரும்பிப் போனார். எண்பத்து நாலு வரைக்கும் வந்துவிட்டோம். மிச்சம் இருபத்தெட்டு.

அந்த வாரத்தில் எனக்கு ஒரு தமிழ் எழுத்துரு தேவைப்பட்டது. மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதம் தமிழில் அழகாக இருக்க வேண்டுமாம். இலவச எழுத்துரு தரும் ஒரு தளத்துக்குப் போனேன். பட்டென்று திரை நடுவில் சிவப்புக் குறுக்குக் கோட்டோடு ஒரு பெட்டி எழும்பியது. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது. ஒரு பச்சைப் பட்டை ஓடி, பத்து நொடியில் முழுக் கணினியையும் சோதித்து முடித்தது. சி டிரைவில் முப்பத்தொன்று, டி டிரைவில் நாற்பத்திரண்டு வைரஸ். படங்கள் வைக்கும் இடத்தில் இருநூற்று அறுபது கோப்புகள் பாதிப்பு. உடனே செயற்படாவிட்டால் எல்லாம் அழிந்து, உங்களோடு தொடர்புள்ள கணினிகளுக்கும் பரவும்.

இன்று யாராவது இதைக் காட்டினால் ஒரு மூச்சில் பிழைகளைச் சொல்லிவிடுவேன். அந்தப் பெட்டி நீல நிறப் புது விண்டோஸ் மாதிரி வரையப்பட்டிருந்தது, எங்களுடையது சாம்பல் நிறப் பழையது. எங்கள் கணினியில் டி என்பது திறக்காத அந்தச் சிடி தட்டுத்தான். உள்ளே ஒரு சிடியும் இல்லை. வெறும் தட்டில் நாற்பத்திரண்டு வைரஸ் எப்படிக் குடியிருக்கும்? இருந்த படங்களே நூற்றுப் பன்னிரண்டு, இருநூற்று அறுபது எப்படிப் பாதிக்கப்படும்? அந்தக் கணினி ஒரு கடிதத்தைத் திறக்கவே பத்து நொடி எடுக்கும். மூடுவதற்கென்று மூலையில் இருந்த குறுக்கும்கூட வரைந்த படம்தான், அமத்தினால் மூடாது. ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியக்கூடிய பிழைகள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், முன்பு ஒருமுறை எச்சரிக்கையைக் கேட்டுச் சிரித்தேன் என்பது மட்டும்தான்.

வைரஸுக்கு மருந்தாக ஒரு மென்பொருளை வாங்கச் சொன்னது விளம்பரம். அதற்குக் கடன் அட்டை வேண்டும். எங்கள் ஊரில் யாரிடம் இருந்தது அது? வகுப்பில் படித்த வைத்தியம் ஒன்று எனக்குத் தெரியும்: முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவது. படங்களை முதலில் வேறெங்காவது எடுக்கலாம் என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் படங்களில்தான் வைரஸ் அதிகம் என்றல்லவா சொன்னது? பக்கத்து அறைக் கணினிக்கு மாற்றினால் அதில் இருக்கும் நிவாரணப் பட்டியல் முழுவதும் நாசமாகும் என்று பயந்தேன். கெட்டுப்போன இருநூற்று அறுபதுக்காக நல்லதையும் கெடுப்பதா?

ஃபிளொப்பியைப் போட்டுக் கட்டளையை அடித்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. இதிலுள்ள அனைத்தும் அழிந்துபோகும், தொடரவா? நிறமில்லை, ஓடும் பட்டையில்லை, மிரட்டலில்லை. அன்று முழுவதும் அந்தத் திரையில் தோன்றிய ஒரே உண்மை அதுதான். நான் ஓம் என்று அமத்தினேன்.

மறுநாள் ஒரு சிடி டிரைவை இரவல் வாங்கிப் பூட்டி, விண்டோஸ் எல்லாம் போட்டு முடித்து, ஊரைக் காப்பாற்றியவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, விட்ட எழுத்துருவை எடுக்க அதே தளத்துக்குப் போனேன். அதே பெட்டி எழும்பியது. சி டிரைவில் முப்பத்தொன்று. டி டிரைவில் நாற்பத்திரண்டு. படங்கள் வைக்கும் இடத்தில் இருநூற்று அறுபது பாதிப்பு. அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை.

கணினியின் குப்பைத் தொட்டியையும் திறந்து பார்த்தேன், அதிலும் ஒன்றும் இல்லை.

லுஹருக்குப் பிறகு ராத்தா வந்தார். கையில் துண்டுத் தாள்.

"எண்பத்தஞ்சு போடுங்க தம்பி."

"படம் எல்லாம் போயிட்டு ராத்தா," என்றேன். "வைரஸ் வந்து திண்டுட்டு."

விளம்பரத்தின் பொய்யை அப்படியே என் வாயால் சொன்னேன். அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. கொஞ்ச நேரம் வெறும் திரையைப் பார்த்தார்.

"அல்லாஹ்ட நாட்டம்," என்று சொல்லிவிட்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். என் குட்டு வெளிப்படவில்லையே என்று அப்போது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் காதில் விழுந்த ஒவ்வொன்றும் என்னைக் குத்தியது. சண்டை மறுபடி மூண்ட பிறகு, மை போட்டுக் குறி சொல்கிற ஒருவர், மாப்பிள்ளை வடக்குப் பக்கம் உயிரோடு இருக்கிறார், ஒரு வள்ளம் தூக்கிப் போயிருக்கிறது, சண்டையால் பாதை அடைத்துக் கிடப்பதால் வர முடியவில்லை என்றாராம். ராத்தா அதை நம்பினார். மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்தார். நல்ல இடமொன்று கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை இருக்கிற பெண்ணைக் கேட்டு வருவதா என்று திருப்பி அனுப்பினார். தையல் மெஷின் ஒன்றோடு, சண்டை முடியட்டும், சண்டை முடியட்டும் என்று, கடல் வந்து நாலரை வருடம் ஆகும்வரை இருந்தார்.

சண்டை முடிந்தது. கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பாதை திறந்தது. ராத்தா தன் தம்பியாரைக் கூட்டிக்கொண்டு வவுனியா அகதி முகாம்கள் வரை போய், மாப்பிள்ளையின் படத்தைக் காட்டிக் கேட்டார் என்று அறிந்தேன். எங்கள் ஊர் ஆளைத் தெரிந்தவர்கள் அங்கே ஒருவரும் இல்லை. அங்கே இருந்தவர்கள் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்த வாரமே என் கடைக்கு வந்தார். அந்தத் துண்டுத் தாளை மேசையில் வைத்தார். மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. அதோடு, யாரோ இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு விளம்பரத் தாள். எந்த வைரஸ் அழித்தாலும், எத்தனை வருடமானாலும், போன படங்கள் அனைத்தையும் நூறு வீதம் மீட்டுத் தருமாம்.

"இப்ப இதுக்கு மருந்து வந்திரிக்காம் தம்பி. அந்த இருவத்தெட்டயும் எடுத்துத் தாங்க. இனி நான் ஒரே மூச்சில பாப்பன்."

அந்தக் கணினியைப் பழைய இரும்புக்குக் கொடுத்து இரண்டு வருடமாகியிருந்தது. இதற்கு மேலும் பொய் சொல்ல முடியவில்லை.

"வைரஸ் ஒண்டும் வரல்ல ராத்தா. அதும் இதப் போல ஒரு விளம்பரம்தான். நாந்தான் பயந்து எல்லாத்தயும் அழிச்ச."

"நீங்க ஒண்டும் செய்யாம உட்டிருந்தா?"

"படம் எல்லாம் இருந்திரிக்கும்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "நீங்க அண்டைக்குப் படம் போயிட்டெண்டு சொல்லக்குள்ள எனக்கு உள்ளுக்குச் சந்தோசம் தம்பி. இனிப் பாக்கத் தேவல்ல, அவர் வந்திருவார் எண்டு நெனச்ச." பிறகு எழும்பினார். "நீங்கதானே எல்லாத்துக்கும் நம்பர் போட்ட. ஒருக்காக் கண்ண மூடி நெனச்சுப் பாருங்க. அவருக்கு இஞ்ச, நெத்தியில, ஒரு வெட்டுக் காய வடு. சைக்கிள் ரிம் பட்ட. அப்புடி ஒரு முகம் இருந்தா?"

நான் கண்ணை மூடினேன். மெய்யாகவே தேடினேன். அந்த முகங்களை நான் இலக்கமிட்டது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பார்த்தும் பார்க்காமலும். ஒரு நெற்றியும் வரவில்லை. வந்தது அந்தப் பெட்டி, எழுத்துக்கு எழுத்து, ஒன்றும் குறையாமல்: சி டிரைவில் முப்பத்தொன்று, டி டிரைவில் நாற்பத்திரண்டு, படங்களில் இருநூற்று அறுபது.

கண்ணைத் திறந்தேன். ராத்தா தன் நெற்றியில், அந்த வடு இருந்த இடத்தில், விரலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.