கடல் இப்ப எப்பிடிக் கிடக்கு?

முதியோர் இல்லமொன்றைப் பரிசோதிக்கப் போனால் றினோஸா முதலில் கந்தோர் அறைக்குள் போய்க் கதிரையில் இருக்கமாட்டாள். நேரே குளியலறைக்குப் போய், சுவரில் பூட்டிய கைபிடிக் கம்பியைத் தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்ப்பாள். பிறகு மருந்து அட்டையையும் மிச்சமிருக்கும் குளிசைகளையும் ஒப்பிடுவாள். படுக்கையில் கிடப்பவர்களின் குதிக்காலைப் போர்வை விலக்கிப் பார்ப்பாள். படுக்கைப்புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அவள் மன்னார்த் தாராபுரத்துக்காரி. முதியோர் நலனுக்கான அரச உத்தியோகத்தர். பேசாலைக்கு அருகிலிருந்த அந்த இல்லத்தில் அன்று எல்லாம் திருத்தமாகவே இருந்தது. படிவத்தை நிரப்பிவிட்டுப் புறப்பட்டபோது, சன்னலோரம் கதிரையில் இருந்த மதலேனா கூப்பிட்டாள்.

"பிள்ளை, கடல் இப்ப எப்பிடிக் கிடக்கு?"

அலைச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்கள் போய்ப் பாக்கிறேல்லையோ, அம்மா?"

"ரெண்டு வருசமாக் கரைக்குப் போற படலை பூட்டு. நாப்பது வருசம் அந்தக் கரையிலதான் கருவாடு காயப்போட்டனான்."

மேற்பார்வையாளர் எட்வேட் சங்கடப்பட்டார். "ஒராள் மணலில விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு, மிஸ். அதுக்குப் பிறகுதான் பூட்டினனாங்கள். பாதுகாப்பைத்தானே நீங்களும் கேக்கிறீங்கள்?"

றினோஸா சன்னல் வழியே பூட்டிய படலையைப் பார்த்தாள். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்ற, குடும்பத்தோடு மன்னாரை விட்டுப் புத்தளம் போனபோது அவளுக்குப் பத்து வயது. பதினேழு வருசம் உம்மா அங்கே இருந்து, "எப்ப ஊருக்குப் போறம்?" என்று கேட்டபடியே இருந்தா. பாதை சரியில்லை, பயம், பொறுங்கோ உம்மா என்று, வளர்ந்த பிறகு றினோஸாதான் சொல்லிச் சொல்லித் தடுத்தாள். உம்மாவை அடக்கியதும் புத்தளத்திலேதான்.

அவள் திரும்பிவந்து மதலேனாவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எட்வேட்டைக் கேட்டாள்.

"வேலையாக்கள் மாறுறது எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு. அரை மணித்தியாலம் ரெண்டு பகுதியும் நிப்பினம்."

"அந்த நேரம் காணும். கிழமைக்கு ஒருநாள் கரைக்குக் கூட்டிப்போங்கோ. ஒராளுக்கு ரெண்டு பேர் துணை. அறிக்கையில எழுதுறன்."

முதல் நாள் தானும் வந்தாள். சக்கர நாற்காலி மணலில் புதைந்தது. பிளாஸ்டிக் கதிரையொன்றில் மதலேனாவை இருத்தி, இரண்டு பணிப்பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஈர மணலில் கால் பட்டதும் மதலேனா கண்ணை மூடினாள். ஒரு சிற்றலை வந்து அவள் கணுக்காலை நனைத்துப் போனது.

"இவ்வளவு நாளும் சத்தம் மட்டும்தான் பிள்ளை வந்தது."

றினோஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த கிழமை நாலு மணிக்குப் படலையடியில் முதியவர்கள் ஆறு பேர் தங்கள் முறைக்காக நின்றார்கள். அதே இல்லத்தில் இருந்த சின்னத்தம்பி வரவில்லை. அவருக்குக் கடல் வேண்டாம். அடம்பன் கிராமத்தில் தான் முந்தி விதைத்த வயலை ஒருதரம் பார்க்கவேண்டும். அதற்கு வாகனம் கேட்டு றினோஸா இரண்டு கடிதம் எழுதிவிட்டாள். இன்னும் பதில் இல்லை. மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.